அவளுக்கு ஞாபகம் இருக்காது

நாலு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்காவது கிளம்பினால், நம் வீடுகளில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: “இந்த வயசுல கூட்டிட்டுப் போயி என்னத்துக்கு? அதுக்கு ஞாபகமா இருக்கப் போவுது?” திருப்பதிக்குப் போனாலும் கேட்பார்கள், ஊட்டிக்குப் போனாலும் கேட்பார்கள். பிள்ளைக்கும் டிக்கெட் எடுக்க வேண்டிய வயது வந்துவிட்டால் கேள்வியில் கொஞ்சம் சூடு ஏறும். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. இத்தனை செலவுக்கும் அலைச்சலுக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டுமே என்ற அக்கறைதான். கனடாவில் இருக்கும் மகள், ஜூலை மாதத்தில் ஒரு வாரத்துக்கு ஏரிக்கரையில் வீடு எடுத்திருப்பதாகச் சொன்னபோது என் மனைவியும் இதைத்தான் கேட்டாள். “நமக்கு ஞாபகம் இருக்கும்லா” என்றாள் மகள். “நமக்கு எத்தனை நாளைக்கு?” என்றாள் மனைவி. அதற்கு மகளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

பிள்ளைகளைப் பார்க்கக் கடல் தாண்டிப் போகிற பெற்றோருக்கு எல்லாமே கணக்கில்தான் தொடங்குகிறது. கனடாவின் சூப்பர் விசாவில், 2022 ஜூலையிலிருந்து, ஒருமுறை போனால் 5 வருடம் வரை தங்கலாம். அதற்குக் குறைந்தது 1 லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். எழுபதைத் தாண்டிய சர்க்கரைக்காரருக்கு பிரீமியம் எவ்வளவு என்று விசாரித்தால் சர்க்கரை இன்னும் கொஞ்சம் ஏறும். சட்டம் 5 வருடம் கொடுத்தாலும், அம்பாசமுத்திரத்தில் பூட்டிப் போட்ட வீடும் தென்னையும் அவ்வளவு கொடுப்பதில்லை. சில மாதங்களில் திரும்பியாக வேண்டும். அந்தச் சில மாதங்களிலும் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆபீஸ், பேத்திக்கு டேகேர். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாயங்காலம் அவள் வந்து இறங்கிக் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குவதற்குள் கிடைக்கிற நேரம்தான் எங்களுக்கு. பெயருக்குத்தான் கூட இருக்கிறோம் என்று மனைவி அடிக்கடி சொல்வாள்.

ஆகவே காட்டேஜ். டொரன்டோக்காரர்களுக்கு இது ஒரு நோன்பு மாதிரி. மே மாத விக்டோரியா தினத்தில் தொடங்கி செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வருகிற தொழிலாளர் தினம் வரைக்கும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் வடக்கே போகும் நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொள்ளும். வசதியுள்ள குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொந்த வீடே இருக்கும். மற்றவர்கள் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாடகைக்கு எடுப்பார்கள். வாடகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். அம்பையில் அந்தத் தொகைக்கு ஒரு வருடம் நல்ல வீட்டிலேயே குடியிருக்கலாம். மாப்பிள்ளையின் அக்கா குடும்பமும் நியூ ஜெர்சியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டதால் வாடகை பாதியானது. ஐஸ் பெட்டி நிறைய இட்லி மாவு, மசாலா தடவிய கோழி, பேத்தியின் மிதவை, என் மருந்துப் பை. இரண்டு கார்.

போகிற வழியில் பீட்டர்பரோவில் நிறுத்தச் சொன்னேன். நான் பொதுப்பணித்துறையில் கன்னடியன் கால்வாய், நதியுண்ணி என்று தாமிரபரணித் தண்ணீரோடு காலம் தள்ளியவன். அந்த ஊரில் 1904இல் திறந்த படகுத் தூக்கி இருக்கிறது; அதைப் பார்க்காமல் போனால் பென்ஷன் வாங்குவதில் அர்த்தமில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெரிய தொட்டிகள், ஒன்று மேலே, ஒன்று கீழே. படகுகள் அதற்குள் மிதந்தபடி வந்து நிற்கும். மேலே இருக்கிற தொட்டியில் 30 சென்டிமீட்டர் தண்ணீர் கூடுதலாக விடுவார்கள். அந்தக் கூடுதல் எடையில் அது இறங்க, கீழே இருப்பது ஏறும். ஏறக்குறைய 20 மீட்டர் உயரம். தூக்குவதற்கு வேறு எந்திரம் கிடையாது, தண்ணீரின் எடைதான் தண்ணீரைத் தூக்குகிறது. பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் விளக்கினேன். அவள் மிகுந்த கவனத்தோடு பார்த்துவிட்டு, ஏறுகிற தொட்டியில் படகுகளுக்கு நடுவே மிதந்துகொண்டிருந்த வாத்தைக் காட்டி, “அதுக்கும் டிக்கெட்டா தாத்தா?” என்று கேட்டாள்.

எங்கள் வீடு ஸ்டோனி ஏரியில். கவார்த்தா ஏரிகள் என்று அழைக்கப்படும் தொடரில் ஒன்று. கனடாவின் பழம்பாறைப் பரப்பு தெற்கே வந்து முடிகிற விளிம்பில் இருப்பதால், ஏரிக்குள் எங்கே பார்த்தாலும் வழவழத்த கிரானைட் தீவுகள். ஒவ்வொன்றிலும் நாலைந்து பைன் மரங்கள், சிலவற்றில் ஒரே ஒரு வீடு. உறைபனிக் காலம் குடைந்துவிட்டுப் போன ஏரிதான் என்றாலும் நீர்மட்டம் இப்போது மனிதன் வைத்ததுதான். 386 கிலோமீட்டர் நீளமுள்ள ட்ரென்ட் செவர்ன் நீர்வழி இதற்குள் ஓடுகிறது. கோடையில் படகு ஓட வேண்டுமென்று வடக்கே ஹாலிபர்டன் பக்கத்து ஏரிகளிலிருந்து தண்ணீரை இறக்குகிறார்கள். அங்கே வீடு வைத்திருப்பவர்கள் ‘எங்கள் கரை காய்கிறது’ என்று முணுமுணுக்கிறார்கள். கடைமடைக்கும் தலைமடைக்கும் உள்ள சண்டையை இங்கேயும் பார்த்ததில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

வீட்டிலிருந்து தண்ணீருக்குள் நீளும் மரத்தளத்தை டாக் என்கிறார்கள். மகள் ஒரு சட்டம் போட்டிருந்தாள்: லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பேத்தி அதில் கால் வைக்கக் கூடாது. மறுநாள் காலை, மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஆரஞ்சு நிற ஜாக்கெட்டில் உருண்டையாகிவிட்ட பேத்தியும் நானும் டாக்கின் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டோம். கீழே முழங்கால் ஆழத் தண்ணீர், அடியில் மணலும் சரளையும். அந்தத் தரையில் தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் துப்புரவாக இருந்தது. நடுவில் உள்ளங்கை நீளத்தில் ஒரு மீன். பொன்னிற உடம்பு, கன்னத்தில் நெளிநெளியாக நீலக் கோடு, செவிளின் நுனியில் ரத்தச் சிவப்பாக ஒரு பொட்டு. பம்ப்கின்சீட் என்கிற ஆண் மீன். வாலால் விசிறிவிசிறிச் சரளையைச் சுத்தம் செய்து கூடு கட்டுவது அதுதான். பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைக்கும், பொரிந்த பிறகு சில நாள் குஞ்சுக்கும் காவல் ஆண்தான்.

பேத்தி ஒரு பைன் ஊசியைக் கிள்ளி மேலே போட்டாள். அது மெல்ல ஆடிஆடி இறங்கி வட்டத்துக்குள் விழுந்தது. மீன் வந்தது, வாயில் கவ்வியது, வட்டத்தின் விளிம்புக்கு வெளியே கொண்டுபோய்த் துப்பியது, திரும்பவும் நடுவில் வந்து நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். இன்னொன்று போட்டாள். அதையும் துப்பியது. இதில் யார் முதலில் சலிப்பார்கள் என்று நான் காத்திருந்தேன், இருவருமே சலிக்கவில்லை. 

“அதுக்குப் பசிக்குதா?” 

“இல்ல, வீட்டைப் பெருக்குது.” 

“அம்மா எங்க?” 

“போயிட்டா.” 

“ஆபீஸுக்கா?” 

“ஆமா” என்றேன். 

பிறகு விரலைத் தண்ணீருக்குள் விட்டாள். மீன் விர்ரென்று வந்து நுனியில் ஒரு முட்டு முட்டியது. அவள் போட்ட கூச்சலில் வீடே எழுந்துவிட்டது.

அதன் பிறகு காலையில் எழுந்ததும் எங்களுக்கு அதுதான் வேலை. வேறெதுவும் இல்லை என்பதுதான் அங்கே பெரிய விஷயம். டொரன்டோ வீட்டில் நான் பேத்திக்கு ‘ஆனா’ எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும், பருப்பு சாதம் ஊட்ட வேண்டும், மழலை மாறாமல் தமிழ் பேச வைக்க வேண்டும். தாத்தா என்பதே ஒரு வேலையாகிவிட்டிருந்தது. ஏரிக்கரையில் அந்த வேலை போய்விட்டது.

தண்ணீரில் இறங்குவதற்கு அவளுக்குப் பயம். ஊரில் நீச்சல் வகுப்புக்குப் போகிறவள்தான், ஆனால் அந்தக் குளத்தில் அடி தெரியும், நீல டைல்ஸ் இருக்கும். இங்கே பாசி காலில் உரசியது. “புல்லு கடிக்குது” என்று ஏணியில் தொங்கினாள். நான் முதலில் இறங்கினேன். ஜூலை மாதத்து ஏரி ஒரே தண்ணீர் இல்லை. வெயில் பட்டு லேசான தண்ணீர் மேலே நிற்கும், குளிர்ந்த கனமான தண்ணீர் அடியில். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று மிதித்தால் நெஞ்சுக்கு வெதுவெதுப்பும் பாதத்துக்கு ஜில்லென்றும் இருக்கும். அவள் முதலில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள், பிறகு தோளைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஒற்றை விரலைப் பிடித்துக்கொண்டு. மல்லாந்து மிதக்க வேண்டும் என்றாள். முதுகுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்தேன். லைஃப் ஜாக்கெட் தூக்கிப் பிடித்திருக்கும்போது என் உள்ளங்கைக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் எடுக்கக் கூடாது என்றாள்.

அங்கே இருட்டுவதற்கு ஒன்பது மணி தாண்டும். ஒரு நாள் கொசுவுக்குப் பயந்து உள்ளே உட்கார்ந்து வெங்காயப் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் அக்கா மகன்களில் இளையவனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவனுக்குப் பதின்மூன்று வயது. நாலு வயதில் எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது எல்லோருமாகக் குற்றாலம் போனோம். “குற்றாலம் ஞாபகம் இருக்காடா?” உடனே முகம் மலர்ந்தது. “குரங்கு! என் கையிலேர்ந்து பஜ்ஜியைப் பிடுங்கிட்டுப் போச்சு. நான் அழுதேன்.” நன்றாகத்தான் சொன்னான், குரங்கு ஏறிப் போன மரத்தைக்கூடச் சொன்னான். அவன் அம்மா அடுப்படியிலிருந்தே சிரித்தாள். பஜ்ஜியைப் பறிகொடுத்து அழுதவன் அவன் அண்ணன். இவன் அப்போது வேனில் தூங்கிக்கொண்டிருந்தான். அருவி? “அருவியா?” என்றான். ஐந்தருவியில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது நான்.

இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பாட்ரீஷியா பாவரும் மரீனா லார்கினாவும் மூன்று வயதுப் பிள்ளைகளைத் தாய் தந்தையரோடு அண்மையில் நடந்தவற்றைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். அதே நிகழ்ச்சிகளைச் சில வருடம் கழித்துக் கேட்டார்கள். 2014இல் வெளியான முடிவு இது: ஐந்து முதல் ஏழு வயது வரை கேட்டபோது பிள்ளைகள் 60 சதவீதத்துக்கு மேல் நினைவு வைத்திருந்தார்கள். எட்டு, ஒன்பது வயதில் கேட்டபோது அது 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆக, பிள்ளைக்கு ஞாபகம் இருப்பதில்லை என்பது சரியில்லை. இருக்கிறது, பிறகு போய்விடுகிறது. பேத்தி இன்றைக்கு மீனைப் பற்றி எல்லாம் சொல்வாள். ஒன்பது வயதில் கேட்டால் ‘எந்த மீன்?’ என்பாள்.

ஏன் போகிறது என்பதற்கு ஒரு விளக்கம் டொரன்டோவிலேயே, மகள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் இருக்கும் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து வந்திருக்கிறது. ஷீனா ஜோசலின், பால் ஃப்ராங்க்லேண்ட் இருவரின் குழு, அதுவும் 2014தான். நினைவைப் பதிந்துகொள்கிற மூளைப் பகுதியில் குட்டிப் பருவத்தில் புதிய நரம்பு செல்கள் ஏராளமாகப் பிறக்கின்றன. அவை ஏற்கெனவே உள்ள இணைப்புகளுக்கு நடுவே புகுந்து இடம் பிடிக்கும்போது பழைய பதிவு கலைந்துவிடுகிறது. எலிக்குட்டிகளில் செல் பிறப்பைக் குறைத்தால் மறதி குறைந்தது. கினிப்பன்றி ஏறக்குறைய முதிர்ந்த மூளையோடு பிறக்கிறது, ஆகவே குட்டியிலேயே அதற்கு ஞாபகம் நிற்கிறது. அதன் மூளையில் செல் பிறப்பைக் கூட்டினால் அதுவும் மறக்கிறது. வளர்வதும் மறப்பதும் ஒரே காரியம் என்பது இதில் எனக்குப் பிடித்தது. பேத்தி என்னை மறப்பாள் என்றால் அவள் நன்றாக வளர்கிறாள் என்று பொருள். பிடித்தது என்றேனே தவிர, ஆறுதலாக இருந்தது என்று சொல்லவில்லை.

எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் என் தாத்தா. இது எனக்கு ஞாபகம் இருக்கிற செய்தி இல்லை, சொல்லிக் கேட்டது. படித்துறைக்குக் கீழே, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, தாமிரபரணியில் இறக்கிவிட்டாராம். எனக்கு ஐந்து வயது முடியும் முன்பே போய்விட்டார். படம் ஒன்றும் கிடையாது. அவர் மூக்கு எப்படி, குரல் எப்படி, கோபக்காரரா, எதுவும் தெரியாது. ஆனால் தண்ணீரில் இறங்கினால் இந்த உடம்பு என்ன செய்ய வேண்டுமென்று யாரையும் கேட்பதில்லை. எழுபது வயதுக்கு மேல், பூமிப் பந்தின் அந்தப் பக்கத்தில் ஓர் ஏரியில், பேத்தியைச் சுமந்துகொண்டு தானாக மிதந்தது.

‘பார்த்தீர்களா, எதுவும் வீண்போகவில்லை, ஞாபகத்தில் இல்லாவிட்டாலும் உடம்பில் இருக்கிறது’ என்று இதைச் சொல்லி மனைவியின் வாயை அடைத்திருக்கலாம். சொல்லத்தான் போனேன். எனக்கே திருப்தியில்லை. அதுவும் கணக்குதான். ஞாபகம் என்ற வரவுக்குப் பதிலாகப் பழக்கம் என்ற வரவை எழுதுகிறோம். அப்படியானால் ஒரு வரவும் இல்லாத நேரத்துக்கு என்ன சொல்வது? மீன் பைன் ஊசியைத் துப்பியதை ஒரு மணி நேரம் பார்த்ததில் பேத்திக்கு எந்தத் திறமையும் வளரவில்லை. அறிவும் வளரவில்லை, மீனின் அம்மா ஆபீஸுக்குப் போயிருப்பதாகத்தான் இன்றுவரை நம்புகிறாள்.

இந்தக் கேள்வியை நான் வேறோர் இடத்திலும் கேட்டிருக்கிறேன். என் அம்மா கடைசிக் காலத்தில் கடையத்தில் தம்பி வீட்டில் இருந்தாள். மறதி நோய் முற்றிப் பிள்ளைகளை அடையாளம் தெரியாமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போவேன். சில நாள் என்னை யாரோ பேங்க்காரர் என்று நினைத்து “சார், உக்காருங்க” என்பாள். கதலிப் பழத்தை உரித்துக் கொடுப்பேன், நகம் வெட்டிவிடுவேன். அவள் பிறந்த வீட்டில் ஒரு கிடாரி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதை, அன்று காலைதான் நடந்தது போலச் சொல்வாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள், நானும் சிரிப்பேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு நாள் வாசலில் பிடித்துக்கொண்டார். “அவுகளுக்கு நீங்க வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எதுக்கு வாராவாரம் இந்த அலைச்சல்?” என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. சும்மா சிரித்திருப்பேன். பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் நான் வந்த சுவடே அவளிடம் இருக்காது, அது உண்மை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவள் கிடாரிக் கதையைச் சொல்லிச் சிரித்தாள். அது நடந்தது. மறந்துபோனதால் அது நடக்காததாகிவிடாது.

அம்மாவிடம் எளிதாக விளங்கிய இது பேத்தியிடம் ஏன் விளங்க மாட்டேன் என்கிறது? அம்மாவுக்கு முன்னால் காலம் இல்லை. அவளிடம் எனக்கு எதிர்பார்க்க ஒன்றுமில்லை. பேத்திக்கு முன்னால் எண்பது வருடம் கிடக்கிறது. அதில் ஒரு மூலையில் நமக்கு இடம் வேண்டும் என்று ஆசை. அவள் இருபது வயதில் யாரோ ஒரு சிநேகிதியிடம் ‘எங்க தாத்தா ஒருத்தர் இருந்தார்’ என்று தொடங்க வேண்டும். எனக்கும் அந்த ஆசை உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது என் ஆசை. அவள் குழந்தைப் பருவத்தை அதற்குச் செலவழிக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. கையில் போன் பிடித்துக்கொண்டு ‘இங்க பாரு, தாத்தாவுக்கு முத்தா குடு’ என்று அவளை மீனிடமிருந்து திருப்புகிற ஒவ்வொரு தடவையும் அதைத்தான் செய்கிறோம்.

படம் எடுக்க முடியாத ஓர் இடமும் பக்கத்தில் இருந்தது. மழை பெய்த ஒரு நாள் ஏரியின் வடகரைச் சாலையில் காரில் போய்ப் பார்த்தோம். வெள்ளைப் பளிங்குப் பாறைப் பரப்பில் ஆமை, பாம்பு, பறவை, படகு, மனிதர் என்று ஏறக்குறைய 900 உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள். வெளியாருக்கு 1954இல்தான் தெரியவந்தது. பாறையைக் காக்க மேலே கண்ணாடிக் கட்டடம் எழுப்பியது 1984இல். அனிஷினாபே மக்களுக்கு இது வழிபாட்டு இடம், ‘கற்பிக்கும் பாறைகள்’ என்கிறார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டபடி உள்ளே கேமராவுக்கு அனுமதி இல்லை. பக்கத்தில் கர்வ் லேக்கில் அவர்களுடைய குடியிருப்பு இருக்கிறது. இந்த ஏரிகளில் தானாக விளைகிற காட்டு நெல் அவர்கள் சோறு. கால்வாய்க்காக நீர்மட்டத்தை உயர்த்தியபோது நெல் படுகைகள் முழுகின. 1923இல் ஓர் உடன்படிக்கையைக் காட்டி மீன்பிடி, வேட்டை உரிமையையும் பறித்தார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2018இல். நீர்வழியை மெச்சிக்கொண்டு வந்த பொதுப்பணித்துறைக்காரனுக்கு இதையும் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளையின் கை ஒரு தரம் தானாகச் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. பேத்தி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆமைகளைத் தேடித்தேடிக் காட்டினாள். யாரும் அவளைத் திரும்பச் சொல்லவில்லை.

சாயங்காலங்களில் லூன் வரும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முதுகு, சிவந்த கண். 1987இலிருந்து கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் இருப்பது இந்தப் பறவைதான். அதன் நீண்ட ஓலம் முதலில் கேட்டபோது மனைவி, யாரோ அழுகிறார்கள் என்று எழுந்து ஜன்னலுக்குப் போனாள். எங்கள் பக்கத்து ஜோடிக்கு ஒரு குஞ்சு. சாம்பல் பந்து மாதிரி தாயோ தந்தையோ யாரோ ஒருவர் முதுகில் ஏறி உட்கார்ந்து சவாரி போகும். மகள் போனில் பார்த்து வாசித்தாள். இலையுதிர் காலத்தில் பெரியவை முதலில் கடலுக்குப் பறந்துவிடுமாம். அந்த வருடத்துக் குஞ்சு இன்னும் சில வாரம் ஏரியில் தனியாக இருந்து, பிறகு வழிகாட்ட யாருமில்லாமல் தானே கிளம்பிப் போய்ச் சேரும். இரண்டு மூன்று வருடம் கடலிலேயே இருந்துவிட்டு அப்புறம்தான் ஏரிப் பக்கம் திரும்பும். வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். எங்கள் டிக்கெட் செப்டம்பருக்குப் போட்டிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மனைவி எழுந்து போய் இட்லித் தட்டைக் கழுவினாள்.

வாரக் கடைசியில் கூடு காலியாக இருந்தது. குஞ்சுகள் பொரிந்து கலைந்திருக்க வேண்டும், காவல்காரர் போய்விட்டார். சரளை வட்டத்தில் அதற்குள் பாசித் தூசு படிந்திருந்தது. பேத்தி ஏமாந்துவிடுவாளே என்று நான் ஒரு சமாதானம் தயாரித்து வைத்திருந்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, டாக்கின் கம்பத்தில் தட்டாம்பூச்சி உரித்துப் போட்டிருந்த கூட்டை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டு, அண்ணன்மாரைப் பயமுறுத்த ஓடினாள்.

இப்போது அம்பையில் இருக்கிறோம். நமக்குச் சனிக்கிழமை காலை ஆகும்போது அங்கே வெள்ளி இரவு, பேத்தி படுக்கப் போகும் நேரம். வீடியோ காலில் வருகிறாள். ஞாபகமா இருக்கப் போவுது என்று கேட்ட என் மனைவிதான் வாரம் தவறாமல் அந்த மீனை எடுத்துவிடுகிறாள். “நம்ம மீனு என்ன பண்ணுச்சு சொல்லு?” “வீட்டைப் பெருக்குச்சு.” “அப்புறம்?” “என் வெரலைக் கடிச்சுச்சு.” முட்டியது கடித்ததாகி இரண்டு மாதம் ஆகிறது. போன வாரத்துக்கு முந்தின வாரத்திலிருந்து கடித்த இடத்தில் ரத்தமும் வருகிறது. டாக்கில் ஒரு நாள்கூடப் படுத்துப் பார்க்காத மனைவி, “ஆமா, ஆச்சிதான ஓடி வந்து மஞ்சள் வச்சேன்?” என்று சேர்க்கிறாள். “ஆமா, ஆச்சி மஞ்சள் வச்சா” என்கிறாள் அவள், சந்தேகமே இல்லாமல். நான் பக்கத்திலிருந்து, “அப்ப தாத்தா எங்க இருந்தேன்?” என்று கேட்டேன். இருவரும் கொஞ்சம் யோசித்தார்கள்.

“தாத்தா தூங்கிட்டிருந்தா” என்றாள் பேத்தி.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பிள்ளை மொகம் மறைக்குது” என்றாள் மனைவி.